ஆங்கிலக் கிராமம் ஒன்றைப் படித்துப் பழகுவது எப்படி: லாக்ஸ்டனில் தொடங்குங்கள்

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, வீடு பிடித்து உட்கார்ந்த பிறகு, வார இறுதிகளில் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றும் பழக்கம் பலருக்கும் வந்துவிடுகிறது. ஒரு சர்ச், ஒரு பப், கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் பச்சை. அழகுதான். ஆனால் கொஞ்ச நாளில் எல்லாக் கிராமமும் ஒன்றுபோலவே தெரிய ஆரம்பிக்கும். சர்ச்சுக்குள் போனால் யாருடையதென்று தெரியாத கல்லறைச் சிற்பம். வெளியே வந்தால் எதற்கென்று தெரியாத மேடு. அங்கே என்ன நடந்தது, ஏன் வீடுகள் இப்படி நிற்கின்றன, ஏன் சாலை இந்த இடத்தில் வளைகிறது என்று கேட்கத் தெரிந்தால்தான் சுவாரசியம் தொடங்கும்.

அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலோர் சர்ச்சில் ஆரம்பிக்கிறார்கள், அல்லது இணையத்தில் பழைய ஆவணம் தேடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. முதலில் எல்லை, பிறகு மண், பிறகு தெரு, பிறகு வயல். காகிதம் கடைசியில். நிலத்தைப் பார்க்காமல் ஆவணத்தைத் திறந்தால் வெறும் பெயர்களும் எண்களும்தான் மிஞ்சும்.

பழகுவதற்கு நான் சொல்லும் ஊர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷையரில், நியூவார்க் நகரத்துக்கு வடக்கே, ஆலர்ட்டனுக்கும் டக்ஸ்ஃபோர்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. வேலி இல்லாத பெரிய வயல்களைப் பட்டைகளாகப் பிரித்துப் பலரும் உழும் திறந்த வயல் முறை, மற்ற கிராமங்களில் 200, 300 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனது, இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. காட்சிக்காக அல்ல, உண்மையான விவசாயமாகவே. மற்ற ஊர்களில் தடயமாக மட்டும் கிடைப்பதை இங்கே முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கண் தானாகத் தேடும்.

எந்த பாரிஷ் என்று முதலில் தெளிவாகுங்கள்

பாரிஷ் என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒன்று சர்ச் பாரிஷ். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பங்கு என்று சொல்வது. இன்னொன்று சிவில் பாரிஷ், உள்ளாட்சியின் அடிப்படி. நெடுங்காலம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிந்தன. 1894 உள்ளாட்சிச் சட்டம் பாரிஷ் கவுன்சில்களைக் கொண்டுவந்தது. இன்று இரண்டின் எல்லையும் பல இடங்களில் பொருந்தாது. நீங்கள் தேடும் ஆவணம் எந்த பாரிஷைச் சேர்ந்தது என்று தெரியாமல் இறங்கினால் குழப்பம்தான். லாக்ஸ்டனின் சிவில் பாரிஷில் பக்கத்துச் சிற்றூரான மூர்ஹவுஸும் சேர்ந்திருக்கிறது.

பெயரிலும் கவனம் வேண்டும். நார்த்தாம்ப்டன்ஷையரில் ஒரு லாக்ஸ்டன் இருக்கிறது, கிழக்கு யார்க்‌ஷையரில் இன்னொன்று. தேடும்போது மாவட்டப் பெயரையும் சேர்த்தே போடுங்கள். பழைய காகிதங்களில் இதே ஊர் லெக்சிங்டன் என்றும் வரும். எந்த கிராமத்துக்கும் இப்படி இரண்டு மூன்று பழைய எழுத்து வடிவம் இருக்கும். அவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது பின்னால் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

எல்லையைப் பிடியுங்கள்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள். ஆரஞ்சு அட்டை போட்டது. அதில் சிவில் பாரிஷ் எல்லை மெல்லிய புள்ளிக்கோடாகப் போகும். முதலில் கண்ணுக்கே படாது. ஒரு பென்சிலால் அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக வரைந்து வாருங்கள். எங்கே ஓடையோடு போகிறது, எங்கே பழைய சாலையோடு போகிறது, எங்கே காரணமே இல்லாமல் ஒரு வயலின் மூலையில் படிப்படியாக உடைந்து திரும்புகிறது என்று பாருங்கள். அப்படிப் படிபோல உடைந்து போகும் இடங்களில், எல்லை கிழிப்பதற்கு முன்பே அங்கே உழுத நிலம் இருந்திருக்கக்கூடும். உழவுப் பட்டைகளின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பழைய வரைபடத்துக்குக் காசு தேவையில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கும் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டின் ஆறு அங்குல, இருபத்தைந்து அங்குல (ஒரு மைலுக்கு இத்தனை அங்குலம் என்ற அளவு) வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் நகர்த்திப் பார்க்கும் வசதியும் உண்டு. ஒரு மாலை முழுவதும் இதிலேயே போய்விடும், எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 1601 ஏழைகள் சட்டப்படி, ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளுக்குத் தானே வரி வசூலித்துச் சோறு போட வேண்டும். 1662 சட்டம் வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்களைச் சொந்த பாரிஷுக்கே திருப்பி அனுப்ப வழி செய்தது. கர்ப்பிணிப் பெண்ணைப் பிரசவத்துக்கு முன்பே எல்லை தாண்டி அனுப்பிவிட்ட கதைகள் பாரிஷ் கணக்குகளில் ஏராளம். குழந்தை எந்தப் பக்கம் பிறக்கிறதோ அந்தப் பக்கத்துக்குச் செலவு. அதனால்தான் வசந்த காலத்தில், கிறிஸ்து விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தைய நாட்களில், ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும் வழக்கம் இருந்தது. எல்லைக்கல்லில் பையன்களைத் தூக்கி முட்டவைப்பார்களாம், வயதான பிறகும் இடம் மறக்காமல் இருக்க! இன்றும் சில பாரிஷ்களில் நடை மட்டும் நடக்கிறது. பையன்கள் தப்பித்தார்கள்.

மண் என்ன சொல்கிறது

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் ஊரைத் தேடி, அடியில் என்ன பாறை என்று பாருங்கள். லாக்ஸ்டன் பக்கம் மெர்சியா மட்ஸ்டோன். சிவப்பு நிறக் களிமண்ணாக மேலே வரும். மேற்கே ஆலர்ட்டனைத் தாண்டினால் ஷெர்வுட் மணற்பாறை. இந்த ஒரு கோடு போதும், வட்டாரத்தின் பாதி வரலாறு புரிந்துவிடும். மணற்பாறைப் பக்கம் மண்ணுக்குச் சத்து குறைவு, தண்ணீர் நிற்காது. அங்கே காடும் புதர் நிலமும் நின்றன, பிற்காலத்தில் பிரபுக்களின் பெரிய பண்ணைப் பூங்காக்கள் வந்தன. களிமண் பக்கம் உழவு கடினம், ஆனால் கோதுமை விளையும். அங்கே உழவர் கிராமங்கள் நெருக்கமாக நின்றன. பழைய நிர்வாகப் பிரிவிலேயே இந்தப் பக்கத்துக்குத் தெற்குக் களிமண் பிரிவு என்றுதான் பெயர்.

களிமண் என்றால் செங்கல். லாக்ஸ்டனில் பழைய வீடுகள் சிவப்புச் செங்கல், மேலே வளைந்த சிவப்பு ஓடு. கல் வீடுகள் நிறைந்த காட்ஸ்வோல்ட்ஸ் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். காலடியில் இருக்கும் மண்ணே சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது என்று பார்த்ததும் தெரிகிறது. ஒரு நடைமுறைக் குறிப்பு: மழைக்காலத்தில் இந்தக் களிமண் காலணியைக் கழற்றிவிடும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் நவம்பரில் போகாதீர்கள்.

தெருவில் நடங்கள்

கவனிக்க வேண்டிய முதல் விஷயம்: பண்ணை வீடுகள் எங்கே இருக்கின்றன? இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் விவசாயியின் வீடு ஊருக்கு வெளியே, அவருடைய வயல்களின் நடுவே தனியாக இருக்கும். லாக்ஸ்டனில் அவை தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன. பல வீடுகள் பக்கவாட்டுச் சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, பின்னால் தொழுவம், களஞ்சியம், அதற்கும் பின்னால் நீளமான தோட்டம் என்று போகும். காரணம் எளிது. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இல்லாமல் மூன்று பெரிய வயல்களிலும் சிதறிக் கிடந்தால், அவர் ஊர் நடுவில் இருப்பதுதான் வசதி. நிலம் ஒன்றுசேர்க்கப்பட்ட ஊர்களில் விவசாயி வீட்டையும் வயலுக்கே கொண்டுபோனார். இந்த ஒரே கேள்வியை எந்தக் கிராமத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஊருக்கு வடக்கே நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு இருக்கிறது. கல் கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. பெரிய மேடு, சுற்றிலும் அகழி, முற்றத்தின் கரைகள். நாட்டிங்ஹாம்ஷையரில் இந்த வகைக் கோட்டைகளில் நன்றாக மிஞ்சியது இதுதான். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோட்டை ஏன்? ஷெர்வுட் அரசவனத்தின் பரம்பரைக் காவல் பொறுப்பு இந்த ஊரின் பிரபுக்களிடம் இருந்தது. முதலில் டி கோ குடும்பம், பிறகு எவரிங்ஹாம் குடும்பம். வனத்தின் அதிகாரம் ஒரு காலத்தில் இந்த மேட்டில் உட்கார்ந்திருந்தது.

அந்த எவரிங்ஹாம் குடும்பத்தைச் சர்ச்சுக்குள் பார்க்கலாம். புனித மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில் அவர்களுடைய படுத்த நிலைச் சிற்பங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பெண்ணின் சிற்பம் ஓக் மரத்தில் செதுக்கியது. மரத்தில் செய்த இடைக்காலச் சிற்பம் மிஞ்சுவது அபூர்வம். மேல் வரிசைச் சன்னல்கள் 15-ஆம் நூற்றாண்டு, யார்க் பேராயர் தாமஸ் ராதர்ஹாம் காலத்தவை. 1859-60 திருப்பணியில் ஊரின் பெருநிலக்காரரான மேன்வர்ஸ் பிரபு சர்ச்சின் நீளத்தையே ஒரு கட்டு, அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட அளவு, குறைத்துவிட்டார். விக்டோரியா காலத்துத் திருப்பணி என்றாலே சந்தேகத்தோடு பாருங்கள். பழையதுபோல் தோன்றும் பலவும் அப்போது புதிதாகச் செய்தவை.

சர்ச் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று முகப்பில் எழுதி ஒட்டியிருப்பது வழக்கம். தயங்காமல் கேளுங்கள். சர்ச் வார்டன்கள் பொதுவாகப் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பார்கள்.

வயலுக்குள்

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். டவ்கோட் இன் என்ற பப்பின் பக்கத்தில் சிறிய காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே படங்களைப் பார்த்து, நடைபாதைகளைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒவ்வொன்றுக்கும் உள்ளே வேலி கிடையாது. ஒரே விரிப்பாகத் தெரியும் நிலம் உண்மையில் பல விவசாயிகளின் நீண்ட பட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்த கால விதைப்பு, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு ஒரு படி நகரும். தரிசு ஆண்டில் முன்பு ஊர் ஆடுமாடுகள் எல்லாம் அங்கே மேயும், சாணமும் விழும். இன்று பெரும்பாலும் தீவனப் பயிர். ஆனால் சுழற்சி அப்படியே இருக்கிறது. உன் பட்டையில் உனக்குப் பிடித்ததை நீ விதைக்க முடியாது. வயல் முழுக்க ஒரே ஒழுங்கு.

ஏன் ஒருவருக்கே சேர்ந்தாற்போல் நிலம் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் கலந்து வரட்டும் என்பது ஒரு காரணம். எட்டு மாடு பூட்டிய கனமான ஏரை அடிக்கடி திருப்ப முடியாது, அதனால் நீளமான பட்டைதான் வசதி என்பது இன்னொன்று. பர்லாங்கு என்பது அந்தக் கணக்கில் ஓர் உழவுச்சாலின் நீளம், 220 கெஜம்; 22 கெஜ அகலத்துக்கு 220 கெஜ நீளம் உழுதால் ஒரு ஏக்கர். நம் பத்திரங்களில் ஏக்கரும் சென்ட்டும் வருகின்றனவே, அவற்றின் மூலம் இப்படிப்பட்ட வயல்தான்.

வயல்களுக்கு இடையே, உழ முடியாத ஈரப் பள்ளங்களிலும் சரிவுகளிலும் புல்வெளித் துண்டுகள் தெரியும். சைக் என்கிறார்கள். ரசாயன உரம் படாததால் கோடையில் காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும். அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள்.

இது பிழைப்புக்கான நிலம். நடைபாதைக்கு மஞ்சள் அம்பு, குதிரைப்பாதைக்கு நீல அம்பு போட்டிருக்கும். அதை விட்டு இறங்காதீர்கள். பயிரில் கால் வைக்க வேண்டாம், நீங்கள் திறந்த கதவை நீங்களே மூடிவிட்டுப் போங்கள், நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை

முடிந்தால் அந்தக் காலகட்டத்தை ஒட்டிப் போங்கள். புதிதாகக் குளிர்காலக் கோதுமை விதைத்த வயலை 12 பேர் கொண்ட ஜூரி அன்று சுற்றிப் பார்க்கும். பட்டைகளின் எல்லையில் மரக்குச்சி அடித்துக்கொண்டே போவார்கள். யாராவது பொதுப்பாதையிலோ சைக் புல்லிலோ கலப்பையை நுழைத்திருந்தால் குறித்துக்கொள்வார்கள். பிறகு பப்பில் சாப்பாடு, என்ன அபராதம் என்ற பேச்சு. அடுத்த வியாழன் கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம் கூடும்; அபராதம் விதிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் பெயர் வாசிக்கப்படுவது சின்ன விஷயமா?

பிரபுவின் நிலத்து நீதிமன்றமான இந்த வகைச் சபைகள் ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்தன. 1977-இல் வந்த சட்டம் பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் துடைத்தபோது லாக்ஸ்டனை விட்டுவைத்தது. சடங்காகச் சில ஊர்களில் இன்றும் கூடுகிறார்கள், உடையணிந்து, விருந்து சாப்பிட்டு. லாக்ஸ்டனில் மட்டும்தான் அது இன்னும் வயலை நிர்வகிக்கிறது.

ஏன் இங்கே மட்டும் மிஞ்சியது?

ஏறத்தாழ 1750-க்கும் 1850-க்கும் இடையில் நாடாளுமன்றம் ஊருக்கொரு சட்டமாக ஆயிரக்கணக்கில் நிறைவேற்றித் திறந்த வயல்களை ஒழித்தது. சிதறிய பட்டைகளைச் சேர்த்து, சதுரமாக வெட்டி, உயிர்வேலி நட்டு, தனித்தனிச் சொத்தாக்கினார்கள். இதற்குத்தான் வேலியடைப்பு என்று பெயர். விளைச்சல் கூடியது, பொது மேய்ச்சலை நம்பியிருந்த ஏழைகள் கூலிகளானார்கள். இரண்டுமே உண்மை. எது அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

லாக்ஸ்டனில் பெருநிலக்காரர்கள் இரண்டு பேர்: மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு. இருவரின் நிலமும் பின்னிக் கிடந்தது, பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தானிய விலை விழுந்தது; வேலி போடச் செலவழிக்க யாருக்கும் மனமில்லை. ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேலி வந்ததே தவிர நடுப்பகுதி தப்பியது. 1900-களின் முதல் பத்தாண்டில் மேன்வர்ஸ் பண்ணை பட்டைகளை ஒன்றுசேர்த்து எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. ஆகவே இன்று நீங்கள் பார்ப்பது அப்படியே இடைக்காலம் என்று நினைக்க வேண்டாம். பட்டைகள் அகலமாகிவிட்டன, டிராக்டர் ஓடுகிறது.

பிறகு உரிமை கைமாறிக்கொண்டே வந்தது: 1952-இல் வேளாண் அமைச்சகம், 1981-இல் முடியரசின் நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட். தோர்ஸ்பி என்பது பழைய மேன்வர்ஸ் குடும்பத்தின் இடம். சுற்றி அங்கேயே வந்துவிட்டது.

இப்போது காகிதம்

எந்த பாரிஷுக்கும் முதல் காகிதம் பெரும்பாலும் 1086-இன் டோம்ஸ்டே பதிவு, அதாவது வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன நிலக் கணக்கு. இணையத்தில் மொழிபெயர்ப்போடு கிடைக்கிறது. லாக்ஸ்டன் அதில் லாக்சின்ட்யூன். 1066 நார்மன் படையெடுப்புக்கு முன் டோகி என்பவரிடம் இருந்தது, பிறகு ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மன் பிரபுவிடம். 22 குடியானவர்கள், 7 சிறுகுடிகள் என்று கணக்கு. இவை குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை. மக்கள்தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கோ ஐந்தோ கொண்டு பெருக்கிப் பார்க்கலாம். இன்னொரு பிழையும் புதியவர்கள் செய்வார்கள்: 1086-இல்தான் ஊர் தோன்றியது என்று எழுதுவது. அது பதிவின் வயது, ஊரின் வயது அல்ல.

லாக்ஸ்டனுக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு செல்வம் உண்டு. 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் ஊர் முழுவதையும் பட்டை பட்டையாக அளந்து வரைபடமும் பதிவேடும் தயாரித்தார். 2,000-க்கும் மேற்பட்ட பட்டைகள். ஒவ்வொன்றையும் வைத்திருந்தவர் யார், எவ்வளவு நிலம் என்று எல்லாம். இடையிடையே உழுபவர்கள், அறுவடை செய்பவர்கள், வேட்டைக்காரர்கள் என்று குட்டி குட்டி உருவங்கள். மூலம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அளக்கச் சொன்னவர் அப்போதைய உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டீன், லண்டன் பெருவணிகர். பார்படோஸ் தீவின் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக மன்னர் முதலாம் சார்லஸ் அதே 1635-இல் அனுமதி கொடுத்த வணிகக் குழுவும் அவர் பெயரில் வந்ததுதான். அதன் கப்பல்கள் கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்தன. ஒரு களிமண் கிராமத்தின் வரைபடத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரத்துப் பணம் என்று யோசியுங்கள்.

உங்கள் கிராமத்துக்கு 1635 வரைபடம் இருக்காது. அதற்குப் பதில் தசமபாக வரைபடம் இருக்கலாம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குத் தானியமாகக் கொடுக்கும் முறையை 1836 சட்டம் பணமாக மாற்றியது. அதற்காகப் பெரும்பாலான பாரிஷ்களை அளந்தார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் எண்; கூடவே வரும் பட்டியலில் உரிமையாளர், குத்தகைதாரர், வயலின் பெயர், என்ன பயிர் என்ற விவரம். புதியவர் ஒரே ஒரு ஆவணம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இது கிடைக்காத ஊருக்கு வேலியடைப்புத் தீர்ப்பு வரைபடத்தைக் கேளுங்கள்.

பிறகு பாரிஷ் பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கும்படி 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் ஆணையிட்டார். தொடக்க காலப் பதிவேடுகள் பல ஊர்களில் தொலைந்துவிட்டன. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகலை ஆயருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், மூலம் இல்லாத இடத்தில் நகல் கைகொடுக்கும். 1640, 50-களில் உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் இடைவெளி விழுந்திருந்தால் வியப்படையாதீர்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கும். ஆகவே பதிவேட்டில் 1730 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1731. ஏப்ரலில் திருமணம், ‘அதே ஆண்டு’ பிப்ரவரியில் குழந்தை என்று படித்துவிட்டு அந்தக் குடும்பத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 1730 டிசம்பருக்கு அடுத்து வருவது அவர்கள் எழுத்தில் 1730 ஜனவரிதான்! இரண்டு ஆண்டையும் சாய்கோடு போட்டு 1730/31 என்று குறித்துக்கொள்வது நல்ல வழக்கம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801-இல் தொடங்கினாலும், பெயர்கள் நாடு முழுக்க ஒழுங்காகக் கிடைப்பது 1841 முதல். அந்த 1841-இலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினார்கள். எனவே 1851-இல் தொடங்குங்கள். வயது, உறவு, பிறந்த பாரிஷ் மூன்றும் இருக்கும். பிறந்த பாரிஷ் என்ற பத்தியை மட்டும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். கிராமத்தார் அசையாமல் ஓரிடத்தில் கிடந்தார்கள் என்ற நினைப்பு அங்கேயே உடைந்துவிடும். 1921 வரை திறந்திருக்கிறது. 1931-இன் தாள்கள் 1942 தீ விபத்தில் அழிந்தன, 1941-இல் போரால் எடுக்கவே இல்லை.

ஏழைகள் எங்கே என்று கேட்டால், பாரிஷ் மேற்பார்வையாளர்களின் கணக்குப் புத்தகங்களில். யாருக்கு விறகு, யாருக்குக் காலணி, யாருடைய சவப்பெட்டிக்கு எவ்வளவு என்று வரும். 1834-க்குப் பிறகு அந்தப் பொறுப்பு பாரிஷ்களின் கூட்டமைப்புக்கும், ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் வேலை விடுதிகளுக்கும் போனது. அதன் முன்மாதிரியைப் பார்க்க லாக்ஸ்டனிலிருந்து அதிகம் போக வேண்டியதில்லை: சவுத்வெல்லில் 1824-இல் ஜான் பெச்சர் என்ற பாதிரியார் முன்னின்று கட்டிய விடுதி இப்போது நேஷனல் டிரஸ்டின் கையில் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆண், பெண், குழந்தைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்த முற்றங்கள் அப்படியே இருக்கின்றன. காலையில் லாக்ஸ்டன், மதியம் சவுத்வெல் என்று ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

ஆவணக் காப்பகம்

முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று காட்டி வாசகர் அட்டை வாங்க வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஊர் பெயரைப் போட்டால் எந்தக் காப்பகத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும். அந்தக் குறிப்பு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். லாக்ஸ்டனுக்கு நாட்டிங்ஹாம்ஷையர் ஆவணக் காப்பகமும், மேன்வர்ஸ் குடும்பக் காகிதங்கள் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் முக்கியம். பழைய கையெழுத்து முதலில் மிரட்டும். 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போனால் கண் பழகிவிடும். 16-ஆம் நூற்றாண்டில் நேராகக் குதிப்பவர்கள்தான் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கிராமத்தில் எதைத் தேடுவது

மாலை வெயில் சாய்ந்து விழும்போது புல்வெளிகளைப் பாருங்கள். நெளிதகரம்போல் வரிவரியாக மேடும் பள்ளமும் ஓடினால், அது பழைய திறந்த வயலின் உழவு மேடு. பிறகு யாரோ புல்லாக்கிவிட்டதால் உறைந்து நின்றுவிட்டது. வரிகள் நேராக இல்லாமல் முனைகளில் லேசாக வளைந்திருந்தால் மாடு பூட்டிய ஏர் திரும்ப இடம் எடுத்த வளைவு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், லேசர் கொண்டு வானிலிருந்து தரையின் மேடுபள்ளத்தை அளந்த லைடார் படத்தில் தெரியும். முன்பு சொன்ன ஸ்காட்லாந்து நூலகத் தளத்திலேயே அந்த அடுக்கு இருக்கிறது.

உயிர்வேலிகள் அளவுகோல் வைத்ததுபோல் நேராகவும், சாலை அகலமான புல் ஓரங்களோடு வளைவில்லாமலும் போனால் அது வேலியடைப்புக் காலத்து நிலம். வயல் நடுவில் வாட்டர்லூ, டிராஃபல்கர் என்று பெயர் தாங்கிய பண்ணை இருந்தால் அநேகமாக அந்தக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே வந்த வீடு. வேலிகள் வளைந்து நெளிந்து, துண்டுகள் சிறியதாக இருந்தால் அதைவிடப் பழையது.

திறந்த வயலின் மிச்சத்தை வேறு இடங்களிலும் பார்க்கலாம். டெவனில் ப்ரான்டன் ஊருக்குப் பக்கத்தில் பெரிய வயல் ஒன்று இருக்கிறது. லிங்கன்ஷையரில் ஆக்ஸ்ஹோம் தீவு என்ற பகுதியில் எப்வொர்த், ஹாக்ஸி ஊர்களைச் சுற்றிப் பட்டைகள் உண்டு. இரண்டிலும் நிலம் மிஞ்சியது, லாக்ஸ்டனில் இருப்பதுபோல் ஜூரியும் நீதிமன்றமும் மிஞ்சவில்லை. ஆக்ஸ்ஹோமுக்குப் போகிறவர்கள் காரை எடுத்துக்கொண்டு போவது நல்லது, அந்தப் பக்கம் பேருந்தை நம்ப முடியாது.